எஃப் என்ற ஓர் எழுத்து: ‘ஃபேர் க்யூயிங்’ பெயர் வந்த வழி

இணைய வலைப்பின்னலைக் கட்டிக்காக்கும் பொறியாளர்களிடையே ‘எஃப்க்யூ’ என்ற சுருக்கப் பெயர் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் புழங்குகிறது. க்யூ என்பது க்யூயிங், அதாவது வரிசையில் நிறுத்துவது. அதில் யாருக்கும் ஐயமில்லை. எஃப் எதைக் குறிக்கிறது என்று கேட்டால் நெடுங்காலம் ஒரே பதில்தான்: ஃபேர், நியாயமான. இணைய நெறிமுறைகளைப் பதிவு செய்யும் ஆர்எஃப்சி வரிசையில் 2018 ஜனவரியில் 8290ஆம் ஆவணம் வந்தது. ‘எஃப்க்யூ-கோடெல்’ என்ற முறையை விளக்கும் அந்த ஆவணம், இந்த எஃப்பை ‘ஃபேர்’ என்று படிக்க வேண்டாம், ‘ஃப்ளோ’ என்று படியுங்கள் என்று காரணத்தோடு சொல்லிற்று. ஃப்ளோ என்றால் ஓட்டம்.

முதலெழுத்து அப்படியே இருக்க, அது குறித்த சொல் மட்டும் மாறிவிட்டது. நியாயம் என்ற சொல்லை ஒரு கருவிக்குப் பெயராக வைத்தவர்கள், யாருக்கும் யாருக்கும் இடையே நியாயம் என்ற கேள்வியை எதிர்கொண்டே ஆக வேண்டியிருந்தது. கேள்விக்குக் கிடைத்த விடை ஒவ்வொரு தலைமுறையிலும் மாறியது. அதற்கேற்பப் பெயரும் அசைந்துகொண்டே வந்தது. அந்த அசைவைத்தான் இங்கே பின்தொடர்கிறேன்.

க்யூவின் கதை தெளிவானது. லத்தீனில் ‘கௌடா’ என்றால் வால். பிரெஞ்சில் அது தேய்ந்து ‘க்யூ’ ஆயிற்று. ஆங்கிலத்தில் புகுந்தபோது விலங்கின் வாலையும், பிறகு முதுகில் தொங்கும் ஒற்றைச் சடையையும் குறித்தது. ஒருவர் பின் ஒருவராக நிற்கும் மனிதர்களுக்கு அது ஆங்கிலத்தில் பெயரானது தாமஸ் கார்லைல் 1837இல் எழுதிய பிரெஞ்சுப் புரட்சி வரலாற்றின் வழியாக. பாரிஸ் ரொட்டிக் கடைகளின் முன் மக்கள் நின்றதைச் சொல்ல அவர் பிரெஞ்சுச் சொல்லையே எடுத்துக்கொண்டார். ஆக, இந்தப் பொருள் தட்டுப்பாட்டில் பிறந்தது: பண்டம் குறைவு, கேட்பவர் அதிகம்.

தொலைபேசி வந்ததும் வரிசை கணிதத்துக்குள் போனது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஆக்னர் எர்லாங் 1909இல் தொலைபேசி அழைப்புகள் வந்து சேரும் விதத்தைக் கணக்கிட்டு எழுதினார். 1951இல் டேவிட் கெண்டல் ‘வரிசைகளின் கோட்பாடு’ பற்றி எழுதிய பிறகு அந்தத் துறைக்குப் பெயர் நிலைத்தது. இந்தக் கணக்குகளில் பெரும்பாலும் முதலில் வந்தவருக்கு முதலில் சேவை. அதைவிட நேர்மையான ஏற்பாடு வேறு இருக்க முடியாது என்றே தோன்றும்.

இன்னொரு சொல்லான ‘ஃபேர்’ பழைய ஆங்கிலத்தில் ‘ஃபேகர்’. பொருள், அழகிய. அழகிலிருந்து மாசற்ற தன்மைக்கும், அங்கிருந்து பாரபட்சமற்ற நடத்தைக்கும் அது நகர்ந்தது. சந்தையைக் குறிக்கும் ‘ஃபேர்’ வேறு வேரிலிருந்து வந்தது. லத்தீனில் விழா நாளைக் குறித்த ‘ஃபேரியா’ அதன் தாய். இன்று ஆங்கிலத்தில் நீதிமன்றத்துக்கு ‘ஜஸ்டிஸ்’ என்றால், விளையாட்டுத் திடலுக்கும் பங்கு பிரிப்பதற்கும் ‘ஃபேர்’. சட்டப் புத்தகம் இல்லாமலே குழந்தைகள்கூட உணரக்கூடிய சமன் அது. இந்தச் சாயலோடுதான் அது கணினி வலைக்குள் வந்தது.

அங்கே அதை வரிசையோடு இணைத்தவர் ஜான் நேகிள். ஃபோர்டு ஏரோஸ்பேஸ் நிறுவனத்தில் பணியாற்றிய அவர், 1984 ஜனவரியில் ஆர்எஃப்சி 896 என்ற ஆவணத்தில் நெரிசலால் வலை முழுவதும் செயலிழக்கக்கூடும் என்று எச்சரித்தார். அந்த நிலைக்கு ‘கஞ்செஷன் கொலாப்ஸ்’ என்று பெயர் சூட்டியதும் அதே ஆவணம்தான். எச்சரிக்கை பலிக்க அதிக நாள் ஆகவில்லை. 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே, சுமார் 400 கஜ தூரத்தில், விநாடிக்கு 32,000 பிட் ஓடிய இணைப்பு 40 பிட்டுக்கு விழுந்தது.

இடையில், 1985 டிசம்பரில், நேகிள் எழுதியது ஆர்எஃப்சி 970. அதன் தலைப்பே ஒரு கற்பனைச் சோதனை: எல்லையற்ற நினைவகம் கொண்ட பாக்கெட் ஸ்விட்சுகள். நெரிசலுக்குக் காரணம் நினைவகப் பற்றாக்குறை என்றால், நினைவகத்தை அளவின்றிக் கொடுத்துப் பார்ப்போம் என்று அவர் தொடங்குகிறார். வலையில் தரவு துண்டு துண்டாகப் போகும்; அந்தத் துண்டுதான் பாக்கெட். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஓர் ஆயுள் உண்டு. அது தீர்ந்துவிட்டால் வழியிலேயே தூக்கி எறியப்படும். நினைவகம் எல்லையற்றது என்றால் வரிசையும் எல்லையின்றி நீளும். நீண்ட வரிசையில் காத்திருந்து முன்னால் வந்து சேரும்போது பாக்கெட்டின் ஆயுள் முடிந்திருக்கும். பின்னால் வருவதற்கும் அதே கதி. ஒரு பாக்கெட் விடாமல் அத்தனையும் பாழ். இடத்தைக் கூட்டினால் நெரிசல் தீரும் என்ற நம்பிக்கையை இதைவிடச் சுருக்கமாக உடைத்த எழுத்தை நான் படித்ததில்லை.

அடுத்து அவர் கேட்டது நடத்தை பற்றி. மனிதர்கள் நிற்கும் க்யூவில் ஓர் ஆளுக்கு ஓர் இடம்தான். பாக்கெட்டுகளின் க்யூவிலோ ஒரே கணினி ஆயிரம் இடங்களைப் பிடிக்கலாம். அங்கே முதலில் வந்ததற்கு முதலில் என்ற விதி, யார் அதிகமாக அனுப்புகிறாரோ அவருக்கு அதிகம் என்று திரிந்துவிடுகிறது. நெரிசலைக் கண்டு வேகத்தைக் குறைக்கும் நல்ல கணினி இழக்கிறது. குறைக்காமல் கொட்டிக்கொண்டே இருக்கும் கணினி லாபம் அடைகிறது. இதை நேகிள் விளையாட்டுக் கோட்பாட்டின் கண்ணால் பார்த்தார்: விதிகள் இப்படி இருக்கும் வரை ஒவ்வொரு கணினிக்கும் சிறந்த உத்தி கொட்டுவதுதான். ஒழுக்கத்தைப் போதிப்பதில் பயனில்லை, விதியை மாற்ற வேண்டும்.

அவர் சொன்ன மாற்றம் எளியது. வெளியே போகும் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரே வரிசை வைக்காமல், அனுப்பும் கணினி ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை. ஸ்விட்ச் ஒவ்வொரு வரிசையாகப் போய் ஒரு பாக்கெட் எடுத்து அனுப்பும்; காலியான வரிசையைத் தாண்டிப் போகும். இப்போது கொட்டுகிற கணினியின் சொந்த வரிசைதான் நீளும், அதன் பாக்கெட்டுகள்தான் தாமதமாகும். பக்கத்து வரிசைக்குச் சேதமில்லை. ஆவணத்தின் இந்தப் பகுதியில் ‘ஃபேர்னஸ்’ என்ற சொல் பாக்கெட் வரிசையோடு கைகோத்தது. யாருக்கிடையே என்பதற்கு நேகிளின் விடை: அனுப்பும் கணினிகளுக்கிடையே. ஒரு கணினி பல பொய் முகவரிகளில் அனுப்பினால் இந்த ஏற்பாட்டை ஏமாற்றலாம் என்பதையும் அவரே எழுதிவைத்தார்.

இப்படி முறை வைத்துச் சுற்றி வருவதற்கு ஆங்கிலத்தில் ‘ரவுண்டு ராபின்’ என்று பெயர். 18ஆம் நூற்றாண்டுக் கப்பல்களில் மாலுமிகள் மேலதிகாரிக்கு மனு எழுதும்போது, யார் முதலில் கையெழுத்திட்டார் என்று தெரியாதபடி வட்டமாகக் கையெழுத்திடுவார்கள். தலைவன் யார் என்று தெரிந்தால் தண்டனை அவனுக்குத்தானே. அந்த மனுவின் பெயர் ரவுண்டு ராபின். முதலாவது, கடைசி என்ற பேதத்தை அழிக்கும் வட்டம் என்ற கருத்து அங்கிருந்து விளையாட்டுப் போட்டிகளுக்கும், 1960களில் ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொண்ட காலத்தில் கணினிகளுக்கும் வந்தது.

‘ஃபேர்’, ‘க்யூயிங்’ இரண்டும் ஒட்டி நின்று தலைப்பில் ஏறியது 1989இல். அந்த ஆண்டு டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் நடந்த, கணினி வலைகளுக்கான சிக்காம் மாநாட்டில் ஆலன் டெமர்ஸ், ஸ்ரீனிவாசன் கேஷவ், ஸ்காட் ஷெங்கர் மூவரும் வாசித்த கட்டுரை, ஒரு ‘ஃபேர் க்யூயிங்’ முறையின் பகுப்பாய்வு என்று தன்னை அழைத்துக்கொண்டது. நேகிளின் யோசனையே அடித்தளம் என்று முதலிலேயே நன்றி சொல்லிவிட்டு, அதன் ஓட்டையை அடைத்தது. பாக்கெட்டுக்குப் பாக்கெட் முறை வைத்தால் பெரிய பாக்கெட் அனுப்புபவருக்கு அதிகம் கிடைக்கும். 1,500 பைட் பாக்கெட்டும் 100 பைட் பாக்கெட்டும் ஆளுக்கொன்றாகப் போனால், பார்வைக்குச் சமம், பங்கில் பதினைந்துக்கு ஒன்று.

எனவே பிட் பிட்டாக முறை வைப்பதாகக் கற்பனை செய்துகொள்ளச் சொன்னார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு பிட், அடுத்தவரிடம் ஒரு பிட். உண்மையில், பாக்கெட்டுகளை வழியனுப்பும் எந்த ரவுட்டரும் அப்படி அனுப்ப முடியாது. பாக்கெட்டை வெட்டிக் கலக்க முடியாது. ஆனால், அப்படி அனுப்பியிருந்தால் எந்தப் பாக்கெட் எந்தச் சுற்றில் முடிந்திருக்கும் என்று கணக்கிடலாம். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் 100 பைட் பாக்கெட் 800ஆவது சுற்றில் முடியும். 1,500 பைட் பாக்கெட் 12,000ஆவது சுற்றில். முடிவு எண் சிறியது எதுவோ அதை முதலில் முழுதாக அனுப்பு. நடவாத ஒன்றை அளவுகோலாக வைத்து நடப்பதை ஒழுங்குபடுத்தும் இந்த உத்தி, கட்டுரையின் உயிர். தன் பங்கைவிடக் குறைவாகக் கேட்பவருக்குத் தாமதமும் குறையும் என்ற பலன் அதிலேயே வந்து சேர்ந்தது.

அந்தக் கட்டுரையில் நான் திரும்பத் திரும்பப் படிக்கும் இடம் வேறு. ‘பயனர்’ என்பவர் யார்? அனுப்பும் கணினி என்றால், பலருக்கும் கோப்பு வழங்கும் ஒரு சர்வர், ஒற்றை ஆளின் பங்கோடு முடங்கும். பெறும் கணினி என்றால், யாரோ ஒருவர் வேண்டாத பாக்கெட்டுகளை அனுப்பியே இன்னொருவரின் பங்கைத் தின்றுவிடலாம். அனுப்புபவர், பெறுபவர் என்ற ஜோடி என்றால், ஆயிரம் பேருக்கு அனுப்பி ஆயிரம் பங்கு வாங்கலாம். குறையில்லாத விடை எதுவும் இல்லை என்பதைச் சொல்லியே ஜோடியைத் தேர்ந்தார்கள். அதை ‘கான்வர்சேஷன்’, உரையாடல், என்றார்கள். நேகிளின் நியாயம் கணினிகளுக்கிடையே. நான்கே ஆண்டுகளில் அது உரையாடல்களுக்கிடையே ஆகிவிட்டது. பெயர் ஒன்று, பொருள் இரண்டு.

ஏரிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. தண்ணீர் குறைந்தால் முறைத் தண்ணீர். ஆளுக்கு இத்தனை மணி நேரமா, ஏக்கருக்கு இத்தனை மணி நேரமா என்பதில் ஊர் பேசி முடிவெடுக்காமல் மடை திறக்காது. தமிழில் முறை என்றால் சுற்றில் வரும் தவணை. பழைய வழக்கில் முறை செய்தல் என்றால் நீதி வழங்குதல். டெமர்ஸ் முதலானோர் இரண்டு சொற்களை ஒட்டித்தான் இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்ல முடிந்தது.

ஏக்கர் கணக்குப் போன்ற பங்கீடு வலையிலும் வந்தது. ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் எடை கொடுத்து அதற்கேற்ப அனுப்புவது ‘வெயிட்டட் ஃபேர் க்யூயிங்’. அபய் பாரேக், ராபர்ட் கேலகர் இருவரும் எம்ஐடியில் 1990களின் தொடக்கத்தில் இதற்குக் கணித உறுதி தந்தார்கள். அவர்கள் வைத்த பெயரில் நியாயமும் இல்லை, வரிசையும் இல்லை: ‘ஜெனரலைஸ்டு ப்ராசஸர் ஷேரிங்’. லெனார்டு க்ளைன்ராக் 1960களில் கணினி நேரத்தைப் பங்கிடுவது பற்றி ஆராய்ந்தபோது பயன்படுத்திய பெயரை நீட்டிக்கொண்டார்கள். கணித நூல்களில் அது நிலைத்தது. களத்தில் ‘ஃபேர்’தான் வென்றது. சிஸ்கோ ரவுட்டரில் இந்த முறையை இயக்கும் கட்டளையே ‘ஃபேர்-க்யூ’. 2.048 மெகாபிட்டும் அதற்குக் குறைவுமான சீரியல் இணைப்புகளில் அது கேட்காமலே இயங்கியது.

எடை வந்ததும் நியாயம் சமத்துவத்தை விட்டு விலகியது என்பதைக் கவனிக்க வேண்டும். பணம் அதிகம் கட்டியவருக்கு மூன்று பங்கு கொடுத்தாலும் அது ‘ஃபேர்’தான், எடை மூன்று என்று எழுதிவிட்டால்.

இதே காலத்தில் இன்னொரு நெருக்கடி செலவு. உரையாடல் ஒவ்வொன்றுக்கும் வரிசை வைத்து, முடிவு எண் கணக்கிட்டு வரிசைப்படுத்துவது வேகமான ரவுட்டருக்குப் பெரும் சுமை. பால் மெக்கென்னி 1990இல் ‘ஸ்டொகாஸ்டிக் ஃபேர்னஸ் க்யூயிங்’ என்றார். ஸ்டொகாஸ்டிக் என்பது கிரேக்கத்தில் குறி வைத்து ஊகிப்பது என்ற பொருளில் தொடங்கி, தற்செயலைச் சார்ந்தது என்று ஆன சொல். வரிசைகளின் எண்ணிக்கையை முன்பே நிர்ணயித்துக்கொண்டு, எந்த உரையாடல் எந்த வரிசை என்பதை, முகவரிகளை ஓர் எண்ணாகச் சுருக்கும் ஹாஷ் கணக்கின் கையில் விடு. இரண்டு உரையாடல்கள் ஒன்றில் மோதினால் மோதட்டும். அவ்வப்போது கணக்கை மாற்றினால் அந்த ஜோடி பிரிந்துவிடும். அநேகமாக நியாயம் என்பதைப் பெயரிலேயே ஒப்புக்கொண்ட நேர்மை இதில் எனக்குப் பிடிக்கும்.

1995இல் எம். ஸ்ரீதர், ஜார்ஜ் வர்கீஸ் இருவரும் வைத்த பெயர் ‘டெஃபிசிட் ரவுண்டு ராபின்’. லத்தீனில் ‘டெஃபிசிட்’ ஒரு வினைச்சொல். குறைகிறது என்று பொருள். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கணக்குப் புத்தகம். முறை வரும்போது 500 பைட் வரவு வைக்கப்படும் என்று கொள்வோம். முன்னால் நிற்கும் பாக்கெட் 600 பைட் என்றால் இந்தச் சுற்றில் போக முடியாது. 500 அப்படியே கணக்கில் நிற்கும். அடுத்த சுற்றில் 1,000. 600 போக மீதி 400. பிட் கணக்கு வேண்டாம், வரிசைப்படுத்த வேண்டாம். இந்தச் சுற்றில் குறைந்தது அடுத்த சுற்றில் ஈடாகிவிடும். இன்று லினக்ஸில் ஓடும் பல முறைகளின் அடியில் இருப்பது இந்தக் கணக்குப் புத்தகம்தான்.

இதற்குள் ‘கான்வர்சேஷன்’ வழக்கொழிந்து ‘ஃப்ளோ’ வந்துவிட்டது. அனுப்பும் முகவரி, பெறும் முகவரி, நெறிமுறை எண், இருபுறப் போர்ட் எண்கள் ஆகிய ஐந்தும் ஒத்தால் ஒரு ஃப்ளோ. ஒரே இரு கணினிகளுக்கிடையே பத்து ஃப்ளோக்கள் ஓடலாம். நியாயத்தின் அலகு மறுபடியும் சுருங்கியது.

2010இல் ஜிம் கெட்டிஸ் ‘பஃபர்ப்ளோட்’ என்ற சொல்லைப் பரப்பினார். நினைவகம் மலிந்து, வீட்டு மோடம் முதல் எல்லாவற்றிலும் தேவைக்கு மீறிய வரிசைகள் நிறைந்துவிட்டன. நேகிள் கற்பனையில் கண்ட எல்லையற்ற நினைவகம் கால் நூற்றாண்டில் கிட்டத்தட்ட வீடு தேடி வந்துவிட்டது. கோடெல் இதற்கு மருந்து. கேத்லீன் நிக்கோல்ஸ், வான் ஜேக்கப்சன் இருவரும் 2012இல் வெளியிட்ட இந்த முறை, வரிசையில் காத்திருக்கும் நேரம் 5 மில்லிவிநாடிக்கு மேல் நீடித்தால் பாக்கெட்டுகளைக் கைவிடத் தொடங்கும். எரிக் டுமாசே அதையும் ஃப்ளோவுக்கு ஒரு வரிசை என்ற ஏற்பாட்டையும் இணைத்து லினக்ஸுக்குக் கொடுத்தார். அதுதான் எஃப்க்யூ-கோடெல். வழக்கமாக 1,024 வரிசைகள்.

இதன் பலனை ஒரு வீட்டில் பார்க்கலாம். மேலே அனுப்பும் வேகம் 2 மெகாபிட். ஒருவர் புகைப்படங்களை ஏற்றிக்கொண்டிருக்கிறார். 1,500 பைட் பாக்கெட் ஒன்று வெளியேற 6 மில்லிவிநாடி. இன்னொருவர் இணையம் வழியாகப் பேசுகிறார். 20 மில்லிவிநாடிக்கு ஒருமுறை 200 பைட். ஒரே வரிசையில் நூறு புகைப்படப் பாக்கெட்டுகள் முன்னால் நின்றால் பேச்சு 600 மில்லிவிநாடி தாமதமாகும். அழைப்பின் இரு முனைகளில் இருப்பவர்களும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். எஃப்க்யூ-கோடெலில் பேச்சுக்குத் தனி வரிசை. அது எப்போதும் காலியாகவே இருப்பதால், புதிதாக வரும் பாக்கெட் மற்ற வரிசைகளை முந்திக்கொண்டு போகும். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பாக்கெட் முடியும் வரைதான் காத்திருப்பு.

இங்கேதான் ‘ஃபேர்’ கழன்றது. வரிசையைக் கட்டி நிற்கும் ஓட்டமும் கட்டாத ஓட்டமும் வேறு வேறாக நடத்தப்படுகின்றன. எனவே இதை ஃபேர் க்யூயிங் என்று சொல்லாமல் ஃப்ளோ க்யூயிங் என்கிறோம் என்றது ஆர்எஃப்சி 8290. பேச்சை முந்தவிடுவது சரியானது என்று யாரும் ஒப்புக்கொள்வார்கள். அது சமம் அல்ல என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே சொல்லில் அடக்க மறுத்ததை நான் வரவேற்கிறேன்.

சொல்லின் மேல் நேரடித் தாக்குதலும் நடந்திருந்தது. பாப் பிரிஸ்கோ 2007இல் எழுதிய கட்டுரை, ஓட்டத்துக்கு ஓட்டம் சமம் என்பதை ஒரு மதம் என்றே தலைப்பில் அழைத்து, அதைக் கலைக்க வந்தது. ஓட்டங்களைத் தொடங்குவது மனிதர்கள். ஒருவர் ஒரு வீடியோ பார்க்கிறார், மற்றவரின் டோரன்ட் செயலி நாற்பது ஓட்டங்களைத் திறக்கிறது. ஓட்டங்கள் சமம் என்றால் பங்கு ஒன்றுக்கு நாற்பது. டெமர்ஸ் குழு 1989இலேயே தொட்ட புண் இது.

2018 அக்டோபரில் லினக்ஸ் 4.19இல் சேர்ந்த ‘கேக்’ இதற்கு வீட்டளவில் விடை தந்தது. இணைப்பை முதலில் கணினிகளுக்கிடையே பங்கிட்டு, ஒவ்வொரு கணினியின் பங்கையும் அதன் ஓட்டங்களுக்கிடையே பிரிக்கிறது. வீட்டு முகவரிகளை ஒரே வெளி முகவரியாக மாற்றும் நாட் அட்டவணையைப் பார்த்து, உள்ளே எத்தனை கணினிகள் என்று கண்டுபிடிக்கவும் செய்யும். நாற்பது ஓட்டங்களைத் திறந்த மடிக்கணினிக்கும் ஒன்றைத் திறந்த கைபேசிக்கும் பங்கு சமம். நேகிள் 1985இல் சொன்ன அலகு, அனுப்பும் கணினி, திரும்பி வந்துவிட்டது. பெயரில் மட்டும் நியாயமும் இல்லை, வரிசையும் இல்லை.

அதே வீட்டில் அலுவலக விபிஎன், அதாவது மறையாக்கப்பட்ட சுரங்கம் ஒன்று, ஓடினால் கணக்கு மறுபடி குழம்புகிறது. சுரங்கத்துக்குள் போகும் குரல் அழைப்பு, கோப்பு, மின்னஞ்சல் எல்லாமே மறையாக்கப்பட்டு, ரவுட்டரின் கண்ணுக்கு ஐந்து எண்களும் ஒத்த ஒற்றை ஓட்டமாகத் தெரிகின்றன. உள்ளே எத்தனை உரையாடல்கள் என்று ரவுட்டருக்குத் தெரிய வழியில்லை. சுரங்கத்தின் வாயில், மறையாக்கத்துக்கு முன்பே பாக்கெட்டின் ஹாஷைக் குறித்துக்கொண்டால் லினக்ஸ் அவற்றைப் பிரித்து வரிசையில் நிறுத்தும். ஆனால் சுரங்கம் அதே கணினியில் தொடங்கினால்தான் அது முடியும்; வேறு கணினியில் தொடங்கி வந்த சுரங்கத்துக்கு அந்த வீட்டு ரவுட்டர் தரக்கூடியது ஒரே ஒரு வரிசை.